லினக்ஸில் தமிழ்: தட்டச்சு, எழுத்துரு, பழைய கோப்புகள் – கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லினக்ஸ் மின்ட் 21.3 போட்டிருக்கேன். கீபோர்டு செட்டிங்ஸ்ல தமிழ்நெட் 99-னு ஒரு லேஅவுட் இருந்தது, சேர்த்துட்டேன். ஆனா ம-வை ரெண்டு தடவை அடிச்சா புள்ளி தானா வரமாட்டேங்குது. விண்டோஸ்ல வந்துட்டு இருந்துச்சு.

பதில்: நீங்கள் சேர்த்தது வெறும் விசைப்பலகை அமைப்பு. ஒரு விசைக்கு ஓர் எழுத்து, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். இதற்கு முன் என்ன அடித்தீர்கள் என்று அது பார்க்காது. தமிழ்99-இன் (தமிழ்நெட் 99 என்பதும் இதுதான்) வசதி எல்லாம் முன்னெழுத்தைப் பார்ப்பதில்தான் இருக்கிறது. அ, ம, ம, ஆ என நான்கே தட்டில் ‘அம்மா’ வர வேண்டும். ங-வுக்குப் பிறகு க அடித்தால் ‘ங்க’ ஆக வேண்டும். அதற்கு உள்ளீட்டு முறை என்ற தனி மென்பொருள் தேவை.

சேர்த்த லேஅவுட்டை முதலில் நீக்கிவிடுங்கள். இரண்டும் இருந்தால் எது ஓடுகிறது என்றே தெரியாமல் குழம்புவீர்கள். சாஃப்ட்வேர் மேனேஜரில் அந்த உள்ளீட்டு முறையைத் தரும் ‘ஐபஸ்-எம்17என்’ (ibus-m17n) தொகுப்பை நிறுவுங்கள். மெனுவில் ‘இன்புட் மெத்தட்’ என்று தேடித் திறந்து ஐபஸ்-ஐத் தேர்ந்தெடுங்கள். பிறகு கட்டாயம் லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள். இந்தப் படியை விட்டுவிட்டுத்தான் பலர் ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். உள்ளே வந்ததும் ஐபஸ் பிரிஃபரன்சஸில் ‘இன்புட் மெத்தட்’ தாவலுக்குப் போய், ‘ஆட்’ அழுத்தி, தமிழின் கீழ் தமிழ்99-ஐச் சேருங்கள். விண்டோஸ் குறி உள்ள விசையையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி வரும்.

‘ககனம்’ போல ஒரே எழுத்து இரண்டு முறை புள்ளியில்லாமல் வேண்டுமென்றால் க, அ, க என்று நடுவில் அ-வைத் தட்டுங்கள். ஒலிபெயர்ப்பு முறையில் பழகியவர்களுக்கும் பழைய டைப்ரைட்டர் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் அதே பட்டியலில் தனித்தனி முறை இருக்கிறது.

கேள்வி: லிபரெ ஆபிஸ் ரைட்டரில் ஸ்டைலுக்குள் போய் எழுத்துருவை மாற்றி, அளவு 12 வைத்தேன். ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அசையவே இல்லை. ஏன்?

பதில்: ரைட்டர் ஒவ்வொரு ஸ்டைலுக்கும் மூன்று எழுத்துருக்களை வைத்திருக்கிறது: மேற்கத்திய எழுத்துக்கு ஒன்று, சீனம், ஜப்பானியம் போன்றவற்றுக்கு ஒன்று, ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்’ என்ற வகைக்கு ஒன்று. தமிழ் மூன்றாவதில் வருகிறது. நீங்கள் மாற்றியது முதலாவதை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ் வழியாக மொழி அமைப்புக்குப் போய், காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட் எதிரே டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதன் பிறகு ஸ்டைலின் ஃபான்ட் பகுதியில் அதற்கான இடமும் தெரியும்.

நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவை ஆங்கிலத்தோடு கலந்து எழுதும்போது அளவில் ஒன்று குறைத்து வையுங்கள். ஆங்கிலம் 12 என்றால் தமிழ் 11. ஒரே அளவில் வைத்தால் தமிழ் பெரிதாகத் தெரிந்து வரி இடைவெளி நெருக்கும். இன்னொருவருக்கு அனுப்பும் கோப்பு என்றால் ஃபைல், பிராப்பர்ட்டீஸ், ஃபான்ட் தாவலில் ‘எம்பெட்’ டிக் செய்துவிடுங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா, யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுறன். அப்பா எழுதின கட்டுரைகள் 200 கோப்புக்கு மேல கிடக்கு. எல்லாம் பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துருவில. லினக்ஸில திறந்தா ஆங்கில எழுத்துகள்தான் கண்டபடி தெரியுது. திரும்பவும் தட்டச்சு செய்யத்தான் வேணுமோ?

பதில்: வேண்டவே வேண்டாம். ஓர் எழுத்தும் தொலையவில்லை. பாமினி எழுத்துருக் கோப்பை உங்கள் ஹோம் அடைவுக்குள் ‘.fonts’ என்ற மறைந்த அடைவில் போட்டு ரைட்டரை மூடித் திறந்தால் இப்போதே படிக்கலாம்.

ஆனால் கோப்புக்குள் இருப்பது தமிழ் இல்லை. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி: இந்த ஐந்து குறிகள்தான் அங்கே ‘தமிழ்’ என்ற சொல். பாமினி எழுத்துரு ஜே-க்குத் த-வையும் கே-க்கு ம-வையும் பி-க்கு இகரக் குறியையும் ஓ-வுக்கு ழ-வையும் அரைப்புள்ளிக்குப் புள்ளியையும் வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் உள்ளபடியே தெரிந்துவிடுகிறது. தேடவும் முடியாது, அகரவரிசைப்படுத்தவும் முடியாது. ஆகவே தமிழ் எழுத்தைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடுக்கு மாற்றுவது அவசியம்.

முதல் வேலை: பாமினி எழுத்துரு இருக்கும்போதே ஒவ்வொரு கோப்பையும் பிடிஎஃப் ஆக ஏற்றுமதி செய்து தனியே வையுங்கள். மாற்றிய பிறகு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் மூலப்படி. இதைச் செய்யாமல் மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.

மாற்றுவதற்குப் பைத்தானில் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற நூலகம் இருக்கிறது. பாமினி, திஸ்கி என்ற பழைய குறியீட்டு முறை இரண்டிலிருந்தும் யூனிகோடுக்கு மாற்றும் செயற்கூறுகள் அதில் உண்டு. புதிய உபுண்டுவில் பைத்தானின் நிறுவு கருவியான பிப் அதை நேரடியாக நிறுவ மறுக்கும். ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (பைத்தானுக்கான தனி அடைவு) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள்.

சிக்கல் வரும் இடங்கள் இரண்டு. ஒன்று, கட்டுரைக்கு நடுவே உள்ள ஆங்கிலச் சொற்கள். வெறும் உரையாகச் சேமித்து மாற்றினால் எது பாமினி, எது ஆங்கிலம் என்ற அடையாளம் போய்விடும். ஆங்கிலமும் தமிழ்க் குப்பையாகிவிடும். அதனால் முதலில் எச்டிஎம்எல் (இணையப் பக்க வடிவம்) ஆகச் சேமியுங்கள். அதில் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருவின் பெயர் எழுதியிருக்கும். பாமினி என்று குறித்த துண்டுகளை மட்டும் மாற்றும்படி நிரல் எழுதலாம். ஆங்கிலம் கொஞ்சமே என்றால் முழுவதையும் மாற்றிவிட்டுப் பிடிஎஃப்-ஐப் பார்த்துக் கையால் திருத்துவது சீக்கிரம் முடியும்.

இரண்டு, கொம்பு. பாமினியில் ‘கொ’ என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, க, கால் என்று அடித்திருப்பார்கள். யூனிகோடில் க முதலில், குறி பிறகு. மாற்றும் நிரல் சரியில்லையென்றால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது தனியாக நிற்கும். ரைட்டரில் இடைவெளிக்கு அடுத்து ஒற்றைக்கொம்பு வரும் இடங்களைத் தேடுங்கள். ஒன்றுகூட அகப்படக் கூடாது. அப்பாவின் எழுத்து, பத்துக் கோப்பை வரிக்கு வரி சரிபார்த்துவிட்டு மீதிக்குப் போங்கள்.

கேள்வி: என் கோப்பில் ‘ஔவையார்’ கண்ணெதிரே இருக்கிறது. தேடினால் இல்லை என்கிறது!

பதில்: கண்ணுக்குத் தெரிவது ஔ. உள்ளே இருப்பது ஒ, ள என்ற இரண்டு எழுத்து. தட்டச்சு செய்தவர் அப்படி அடித்திருக்கிறார். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது.

மொத்தமாக ‘ஒள’வை ‘ஔ’ ஆக்கிவிடலாம் என்று கை வைக்காதீர்கள். ‘ஒளி’யும் ‘ஒளிந்தான்’-உம் சேர்ந்து கெட்டுவிடும். ரைட்டரின் தேடலில் ரெகுலர் எக்ஸ்பிரஷனை (எழுத்து வரும் விதத்தைச் சொல்லித் தேடும் வசதி) இயக்கி, ‘ஒள’வுக்கு அடுத்து வ, ட போன்ற எழுத்து வரும் இடத்தை மட்டும் பிடியுங்கள். ‘கெளரவம்’, ‘மெளனம்’, ‘பெளர்ணமி’யும் இதே கதைதான். அவற்றைச் சொல் சொல்லாக மாற்றுங்கள். ‘தெளிவு’, ‘கெளுத்தி’ எல்லாம் சரியான சொற்கள், அவற்றைத் தொடக்கூடாது.

இதே போலத் தெரியும் இன்னொரு சிக்கல், ‘கொ’வில் உள்ள ஒகரக் குறி. அது ஒரே குறியாகவும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் இருக்கலாம். இவை இரண்டும் சமம் என்று யூனிகோடே சொல்கிறது. பைத்தானின் யூனிகோட்டேட்டா என்ற கூறு மூலம், இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றாகிவிடும். ஒ, ள சேர்க்கைக்கு அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்க எது நல்லது?

பதில்: படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட் மென்பொருள். கூடவே அதன் தமிழ்த் தரவுத் தொகுப்பையும் நிறுவ வேண்டும். கட்டளை பழக்கமில்லையென்றால் ஜிஇமேஜ்ரீடர் மூலம் இயக்குங்கள். ஸ்கேன் 300 டிபிஐ, சாம்பல் நிறம். பக்கம் சாய்ந்திருந்தால் முதலில் நேராக்குங்கள். இரண்டு பத்தி இருந்தால் பிரித்துக் கொடுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் பழைய ணை, லை, னை வடிவங்களில் நிறையத் தடுமாறும். மெய்ப்புப் பார்க்கும்போது முதலில் ர-வையும் காலையும் பாருங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிப் படிப்பது வழக்கமான பிழை.

கேள்வி: அண்ணா, தமிழுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டும் போட்டிருக்கேன், லினக்ஸ் பக்கம் போய்வந்தா விண்டோஸ்ல மணி அஞ்சரை மணி நேரம் பின்னாடி காட்டுது.

பதில்: மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கு வித்தியாசம் சரியாக 5:30. லினக்ஸ் டெர்மினலில் ‘timedatectl set-local-rtc 1’ என்ற கட்டளையைக் கொடுங்கள்; லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே எழுதும். கோடைகால நேர மாற்றம் பற்றி எச்சரிக்கை வரும். இந்தியாவில் அது இல்லாததால் கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து லினக்ஸுக்குக் கோப்புகளை நகலெடுக்கும்போது சிலவற்றுக்கு மட்டும் ‘ஃபைல் நேம் டூ லாங்’ என்று வருகிறது. பெயர் அவ்வளவு நீளமில்லையே? டெர்மினலில் பார்த்தால் தமிழ்ப் பெயர் உடைந்தும் தெரிகிறது. கெட்டுப்போச்சா?

பதில்: உடைந்து தெரிவது டெர்மினலின் குறை. சம அகலக் கட்டங்களில் எழுத்தை நிரப்புவதால் கொம்பும் காலும் இடம் மாறும். ஃபைல் மேனேஜரில் சரியாகத் தெரிந்தால் பெயர் சரி.

நீளப் பிரச்சினை உண்மையானது. லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் பெயருக்கு 255 பைட் வரைதான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று. ‘தமிழ்’ என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி, 15 பைட். ஆக ஒரு பெயருக்கு 85 குறிகள்தான், புள்ளியும் கொம்பும் சேர்த்து. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் 255 குறிகளை அனுமதிப்பதால் அங்கே போன பெயர் இங்கே நுழையாது. விண்டோஸிலேயே பெயரைச் சுருக்கிவிட்டு நகலெடுங்கள். கட்டுரையின் முழுத்தலைப்பும் வேண்டுமென்றால் அதே அடைவில் ஓர் உரைக்கோப்பில் பட்டியலாக எழுதி வையுங்கள்.