கறுப்பு லெகிங்ஸைத் தாண்டி: அன்றாட உடையில் நிறம் சேர்க்க ஏழு கேள்விகள்

பீரோ நிறையக் கறுப்பும் சாம்பலும். கடைக்குப் போனால் கை நீள்வது மட்டும் கிளிப்பச்சைக்கு. வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த இழுபறிதான். நிறம் மட்டுமே காலை வாருவது அபூர்வம். துணியின் பளபளப்பு, நிறம் உடம்பில் உட்காரும் இடம், கூட வரும் இன்னொரு நிறம், இந்த மூன்றில் ஏதோ ஒன்றுதான் பெரும்பாலும் காரணம்.

கறுப்பு லெகிங்ஸ், சாம்பல் குர்தி. வருஷக்கணக்காக இதுதான் என் ஆபீஸ் உடை. திடீரென்று மஞ்சளில் போய் நின்றால் ஆளாளுக்குக் கேட்பார்கள். எங்கே ஆரம்பிப்பது?
– கோவை வாசகி

மஞ்சளில் வேண்டாம். அரக்கு, மயில்கழுத்து, பாட்டில் பச்சை, கத்தரிப்பூ மாதிரி அடர்ந்த நிறங்களில் ஆரம்பியுங்கள். கறுப்புக்குக் கிட்டத்தட்ட சமமான கனம் இவற்றுக்கு உண்டு. மேலே ஒரு வெளிச்சம், கீழே ஒரு இருட்டு என்று கண்ணில் அடிக்காது. முதலில் இரண்டு குர்தி போதும். அவை பழகியபின் கடுகு மஞ்சள், செங்கல் நிறம். அதற்கும் பின்னால்தான் மாம்பழ மஞ்சளும் மிட்டாய் ரோஸும்.

பலரும் கவனிக்காதது, கீழே போடுவதை மாற்ற வேண்டும் என்பதை. கறுப்போடு சேர்ந்தால் பளிச் நிறம் இன்னும் பளிச்சிடும். அதே மஞ்சள் குர்தியை நேவி புளூவோடோ காப்பிக்கொட்டை நிறத்தோடோ போட்டுப் பாருங்கள், அடங்கிவிடும். இவை இரண்டும் ஒரு ஆஃப் ஒயிட்டும் இருந்தால் அநேகமாக எல்லா மேலுடைக்கும் சமாளிக்கலாம்.

பல நிறப் பிரிண்ட் வாங்கினால், அதில் குறைவாக இருக்கும் நிறத்தைப் பேன்ட்டுக்கோ துப்பட்டாவுக்கோ எடுங்கள். அதிகமாக இருப்பதை எடுத்தால் தலையிலிருந்து கால்வரை ஒரே பாளமாகிவிடும். முழுத்துணி பளிச்சென்று இருக்கத் தயக்கமா? மதுரைச் சுங்குடியில் பாருங்கள். முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் நிற்கும் வெள்ளைப் புள்ளிகள் அடர்ந்த ராணி ரோஸைக்கூட லேசாக்கிக் காட்டும்.

நான் நல்ல கறுப்பு. "உனக்கு லைட் கலர்தான் எடுக்கும்" என்று சொல்லியே வளர்த்தார்கள். உண்மையா?
– திருநெல்வேலி வாசகி

இல்லை. அநேகமாகத் தலைகீழ். முகத்தை எடுத்துக்காட்டுவது தோலுக்கும் துணிக்கும் உள்ள வேறுபாடு. கறுத்த தோலில் மயில்நீலமும் மஞ்சளும் தாமரை நிறமும் தெளிவாக நிற்கும். அதே நிறங்கள் வெளுத்த தோலில் சில சமயம் ஆளையே விழுங்கிவிடும். உங்களுக்குச் சங்கடம் தரக்கூடியவை காக்கி, மங்கிய பழுப்பு, புழுதி நிறம் போன்றவை. தோலின் நிறத்துக்கு மிக அருகில் வருவதால் எல்லாம் ஒன்றாகக் கலந்து முகம் சோர்ந்து தெரியும்.

பகல் பதினொரு மணி வாக்கில், மேக்கப் இல்லாமல், நேர்வெயில் படாத ஜன்னலோரம் நில்லுங்கள். துணியைத் தாடைக்குக் கீழே பிடியுங்கள். துணியைப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கீழே உள்ள நிழலைப் பாருங்கள். நிழல் கூடினால் அந்த நிறம் கழுத்தருகே வேண்டாம். பாவாடைக்கோ பலாஸோவுக்கோ போகட்டும். ஃப்ளோரசன்ட் பச்சை, ஃப்ளோரசன்ட் ஆரஞ்சு இரண்டும் யாருக்குமே கழுத்தருகே கஷ்டம்தான். அவற்றின் வெளிச்சம் தாடையில் தெறிக்கும்.

கடையில் கச்சிதமாகப் பொருந்திய ரவிக்கைத் துணி வீட்டுக்கு வந்ததும் வேறு நிறமாகத் தெரிகிறது. ஏன்?
– சேலம் வாசகி

இரண்டு துணியின் சாயமும் வேறு வேறு. ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரிவது இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். மேட்சிங் சென்டருக்குச் சேலையையே கொண்டுபோங்கள், போன் படம் உதவாது. கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை பாருங்கள். விழாவுக்கு மாலையில் கட்டுவதென்றால் மஞ்சள் விளக்கிலும் பார்ப்பது நல்லது.

ஆனால் இத்தனை பாடுபட்டு மேட்சிங் தேடுவதே தேவையா? மிக மோசமானது "கிட்டத்தட்ட" பொருந்துவது. அப்படியே பொருந்த வேண்டும், இல்லையென்றால் தெளிவாக விலகி நிற்க வேண்டும். கரையில் ஓடும் மெல்லிய கோட்டின் நிறத்தை எடுத்தால் பெரும்பாலும் தப்பாது. காஞ்சிபுரம் கோர்வைப் பட்டில் உடலும் கரையும் எதிரெதிர் நிறமாக இருப்பதால் இந்த வேலையை நெசவாளரே பாதி முடித்து வைத்திருப்பார்.

மயில்கழுத்து மாதிரி இரட்டை நிறச் சேலையில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடு நூல் ஒரு நிறம். உள்தலைப்பு ஓரத்தில் இரண்டு நூலைப் பிரித்தால் தனித்தனியாகத் தெரியும். அந்த இரண்டில் ஒன்றில் ரவிக்கை எடுங்கள். இரண்டும் கலந்து தெரியும் மூன்றாம் நிறத்தைத் தேடி அலைய வேண்டாம், ஒரே நிற நூலில் நெய்த துணியில் அது வராது. லைனிங் துணியை வெட்டுவதற்கு முன் ஊற வையுங்கள். சுருங்கித் தையலை இழுப்பதும் வியர்வையில் சாயம் விட்டு ரவிக்கையைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதுதான்.

ஆண்களுக்கு வெள்ளை, வெளிர்நீலம் விட்டால் வேறு வழியே இல்லையா?
– சென்னை வாசகர்

இருக்கிறது. வெளிர் லாவண்டர், மங்கிய ரோஸ், பாட்டில் பச்சை, அரக்கு, இந்த வரிசையில் போங்கள். ரோஸுக்கும் அரக்குக்கும் நேவி பேன்ட், லாவண்டருக்கும் பச்சைக்கும் சாம்பல் பேன்ட். கறுப்பு பேன்ட்டோடு பளிச் சட்டை போட்டால் சீருடை மாதிரி ஆகிவிடும். பாலியஸ்டர் கலந்த பளபளப்பில் எந்த நிறமும் கூச்சலிடும். அதே அரக்கு காட்டனிலோ லினனிலோ அமைதியாக இருக்கும். "கலர் எனக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டியவர்களில் பலருக்கு ஒத்துவராதது மினுக்குதான். வெளிர் நிறச் சட்டைக்குள் வெள்ளை பனியன் துருத்திக்கொண்டு தெரியும், சாம்பல் பனியன் அவ்வளவாகத் தெரியாது.

வேட்டியில் நிறம் வேண்டுமென்றால் கரையில் வைக்கலாம். மயில்கண் கரையோ பச்சைக் கரையோ எடுங்கள். கறுப்பு-சிவப்பு எடுத்தால் தி.மு.க., நடுவில் வெள்ளை சேர்ந்தால் அ.தி.மு.க.; கல்யாண வீட்டில் யாராவது உங்களிடம் தொகுதி நிலவரம் கேட்பார்கள்.

புது அரக்கு குர்தி ஒரே தடவையில் மூன்று உடையைக் கெடுத்துவிட்டது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் கேட்கவில்லை.
– தஞ்சாவூர் வாசகி

கேட்காது. சாயப்பட்டறைத் தொட்டியில் சாயத்தை நூலுக்குள் ஏற்ற உப்பு உதவும். ஏற்கெனவே சாயமிட்ட துணியில் அதைப் பூட்டிவைக்க உதவாது. வினிகரும் பருத்தியில் பயனில்லை.

நல்ல ரியாக்டிவ் சாயம் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்பில் ஒட்டிவிடும். வெளியே வருவது ஒட்டாமல் மிஞ்சியது மட்டும். மூன்று நான்கு தனி அலசலில் அது தீர்ந்துவிடும். ஐந்தாவது தடவையும் தண்ணீர் சிவந்தால் சாயம் மட்டரகம்; கடையில் விற்கும் சாயம் நிறுத்தும் திரவத்தை வாங்குங்கள், அல்லது கடைசிவரை தனியாகத் துவையுங்கள். போடும் முன்பே தெரிந்துகொள்ள, ஈரமான வெள்ளைத் துணியால் உள்மடிப்பில் பத்துமுறை தேயுங்கள். இண்டிகோ மட்டும் தனி ரகம்: பல சலவைக்குப் பின்னும் உரசினால் ஒட்டும். வெள்ளைக் கைப்பையோடு சேர்க்காதீர்கள்.

இரவு முழுக்க ஊறவைப்பதுதான் பெரிய தவறு. கழன்ற சாயம் அதே துணியில் திட்டுத்திட்டாகத் திரும்பப் படியும். வேறு உடையில் சாயம் ஏறிவிட்டால் காயவிடாதீர்கள், இஸ்திரி போடாதீர்கள். ஈரத்தோடேயே திரும்பத் துவைத்தால் நிறையப் போய்விடும். வெள்ளைப் பருத்தியென்றால் ஆக்சிஜன் பிளீச் போடலாம். பட்டில் வேண்டாம்.

வயது 61. எனக்கு ஆசை செங்கல் நிறத்தில். மகள் சந்தன நிறமே எடுத்துத் தருகிறாள்.
– காரைக்குடி வாசகி

உங்கள் ஊர்க் கண்டாங்கியையே மகளிடம் காட்டுங்கள். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு, கட்டமும் அகலக் கரையுமாக. செட்டிநாட்டில் அதை நாள்தோறும் கட்டியவர்கள் ஆச்சிகள்தான். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற சேலை அது. முடி நரைத்தபின் முகத்தைச் சுற்றி இருந்த கறுப்புச் சட்டம் போய்விடுகிறது. அதோடு சந்தனமும் சாம்பலும் சேர்ந்தால் எல்லாமே வெளிறிவிடும். செங்கல் நிறம் அந்தச் சட்டத்தைத் திருப்பிக் கொடுக்கும். தயங்காமல் எடுங்கள்.

கஞ்சி போடும்போது மட்டும் கவனம். சோற்றுக்கஞ்சியின் திப்பி அடர்நிறத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். மெல்லிய துணியில் வடிகட்டி, தண்ணீர் தாராளமாகச் சேர்த்துக் கரையுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி இன்னும் தெளிவாக இருக்கும். நிழலில் காயட்டும்.

வெயில் காலத்தில் எந்த நிறத்தில் வியர்வை தெரியாது?
– வேலூர் வாசகர்

வெள்ளையிலும் நேவியிலும் கறுப்பிலும் குறைவாகத் தெரியும். அதிகம் காட்டிக்கொடுப்பவை நடுத்தரச் சாம்பலும் வெளிர்நீலமும். நனைந்தால் துணி கருக்கும். அந்த மாற்றம் நடுத்தர நிறத்தில்தான் பளிச்சென்று தெரியும். கறுப்பு வெயிலில் சூடேறும் என்பதால் வெளியே அலையும் வேலைக்கு ஒத்துவராது. சின்னக் கட்டமோ பொடிப் பிரிண்டோ போட்ட காட்டன் எடுங்கள், அதில் எந்த நிறமானாலும் ஈரத்திட்டு பிரிந்து மறைந்துவிடும்.