25 அடி கேபின் படகு: பழைய டீசல் மாடலா, புதிய அவுட்போர்டு மாடலா?

கேள்வி: ஒரே கம்பெனியின் 25 அடி கேபின் படகு. பழைய மாடலில் உள்ளே டீசல் இன்ஜின், ஷாஃப்ட், சுக்கான். புதிய மாடலில் அதெல்லாம் போய் அமரத்தில் (பின்முனையில்) 150 குதிரைசக்தி அவுட்போர்டு, அதாவது வெளியே தொங்கும் பெட்ரோல் இன்ஜின், வந்திருக்கிறது. கேபின் உயரம் கூடியிருக்கிறது, அணியம் (முன்முனை) செங்குத்தாகிவிட்டது. கன்னியாகுமரி மாவட்டத் துறைமுகங்களான சின்னமுட்டத்திலோ தேங்காப்பட்டணத்திலோ நிறுத்தி, தூண்டில் போடவும் குடும்பத்தோடு போய்வரவும் வேண்டும். விலை வித்தியாசத்துக்குத் தகுந்த மாற்றமா இது?

பதில்:

இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவது பெரிய ஜன்னலும் மெத்தையும் சமையல் மேடையும்தான். அவற்றைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியது, எடை எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்பதை. இந்த மாடல் மாற்றத்தில் நல்லதும் கெட்டதும் பெரும்பாலும் அதிலிருந்துதான் கிளம்புகின்றன.

உத்தேசக் கணக்கு ஒன்று போடலாம். 25 அடி என்றால் 7.6 மீட்டர். படகின் எடை மையம் டிரான்சம் எனும் பின்பலகையிலிருந்து சுமார் 3 மீட்டர் முன்னால் இருக்கும். கியர்பாக்ஸோடு சேர்த்து 350 கிலோ வரும் டீசல் இன்ஜின் அந்த மையத்துக்கு 80 செ.மீ. பின்னால் உட்கார்ந்திருந்தால் அதன் இழுப்பு 280 கிலோ-மீட்டர். 150 குதிரைசக்தி ஃபோர்-ஸ்ட்ரோக் அவுட்போர்டு 220 கிலோதான். ஆனால் அது பிராக்கெட்டில் டிரான்சத்துக்கு அரை மீட்டர் பின்னால் தொங்கினால் இழுப்பு 770. இன்ஜின் எடை 130 கிலோ குறைந்தும் பின்னிழுப்பு இரண்டரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. இந்த அளவுள்ள படகுக்கு அது, அமரம் நாலு செ.மீ. இறங்கி அணியம் நாலு செ.மீ. தூக்குவதற்குச் சமம்.

நாலு செ.மீ. சின்ன விஷயம் என்று தோன்றும். தளத்தில் விழும் தண்ணீர் தானாக வெளியேறப் பின்மூலைகளில் ஓட்டைகள் இருக்கும். தளம் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேதான் இருக்கும். அமரம் இறங்கினால் அந்த ஓட்டைகள் நீர்மட்டத்துக்கு வந்துவிடும். அப்புறம் தண்ணீர் வெளியே போகாது, உள்ளே வரும். சோதிப்பது எளிது. படகு நிற்கும்போது டேங்கை நிரப்பி, நாலு பேரை அமரத்தின் ஓரமாக ஐந்து நிமிடம் நிற்கவையுங்கள். மூலையில் தண்ணீர் ஊறிக் காலை நனைத்தால், அந்த மாடலில் இன்ஜினை மட்டும் மாற்றியிருக்கிறார்கள், ஹல்லை (படகின் உடற்கூட்டை) மாற்றவில்லை என்று அர்த்தம். விற்பவர் "ஓட்டையில் மூடி வால்வு இருக்கு சார்" என்பார். அந்த ரப்பர் மூடியில் மணலோ நூல் துண்டோ சிக்கினால் போதும், பாதி திறந்தபடியே நிற்கும்.

எனவே படகைக் கரையில் ஏற்றிவைத்திருக்கும்போது பின்னால் போய்க் குனிந்து பாருங்கள். இன்ஜினுக்குக் கீழேயும் ஹல்லின் அடிப்பாகம் தொடர்ந்து வந்திருக்கிறதா, அல்லது டிரான்சத்தோடு முடிந்து அதன் மேல் ஒரு பிராக்கெட் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறதா? தொடர்ந்து வந்திருந்தால் இன்ஜின் எடையைத் தாங்க அங்கே மிதப்பு இருக்கிறது. புது அச்சு செய்து வார்த்திருக்கிறார்கள், செலவு செய்திருக்கிறார்கள். பிராக்கெட் என்றால் பழைய அச்சுதான். இருபக்கமும் குளிப்பதற்கென்று நீட்டிவிட்ட மேடையைக் காட்டி "ஹல் நீளம்" என்று சொல்வதும் உண்டு. தண்ணீரைத் தொடாத மேடை எதையும் தாங்காது. பிராக்கெட் மாடலையே எடுப்பதானால் டிரான்சத்தின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள்: போல்ட்டுகளுக்குப் பின்னால் அகலமான தாங்கு தகடு இருக்க வேண்டும், வெறும் வாஷர் போதாது. டிரான்சமும் பக்கச்சுவரும் சேரும் மூலைகளில் முடி போன்ற கீறல் ஓடியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்பதும் இதே கதைதான். டீசல் இன்ஜின் இருந்த இடத்தில், தளத்துக்குக் கீழே நடுவில் வைத்திருந்தால் யோசித்துச் செய்திருக்கிறார்கள். 300 லிட்டர் பெட்ரோல் சுமார் 220 கிலோ. அது மையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நிரம்பினாலும் காலியானாலும் படகின் நிலை பெரிதாக மாறாது. டேங்க் பழையபடி பின்மூலையிலேயே இருந்து, இன்ஜின் அறை "கூடுதல் ஸ்டோரேஜ்" ஆகியிருந்தால் அதுதான் சோம்பேறித்தனம். அந்தக் குழிக்குள் ஐஸ் பெட்டியும் நங்கூரச் சங்கிலியும் போகும். எவ்வளவு போகும் என்று எந்த வரைபடத்திலும் இருக்காது.

அடுத்தது மேலே போன எடை. கேபின் உயரம் 25 செ.மீ. கூடினால் ஆறடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம், நல்லதுதான். ஆனால் அந்தக் கூரை மேல் சோலார் பலகையும் ஏசியும் ஏறும். படகின் அகலமும் அடிவடிவமும் மாறாமல் இது நடந்தால் ஆட்டம் சோம்பலாகும். படகு மெதுவாக ஆடுவது ஏறி நிற்பவருக்குச் சொகுசாகத் தெரியும், அதுதான் ஏமாற்றும் இடம். கயிற்றைத் தளர்த்திவிட்டு, அசையாத தண்ணீரில் ஒருவர் விளிம்பை அழுத்தி ஆட்டிவிடட்டும். ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்பி வந்தால் ஓர் ஆட்டம். ஏழெட்டு ஆட்டத்தை ஸ்டாப்வாட்சில் எடுத்துச் சராசரி போடுங்கள். அகலத்தை 0.8 ஆல் பெருக்கி, அந்த வினாடியால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்தினால் நிலைத்தன்மை உயரம் மீட்டரில் உத்தேசமாகக் கிடைக்கும்; அது குறையக் குறையப் படகு சாய்ந்தால் நிமிரும் பலம் குறைவு. 2.4 மீட்டர் அகலப் படகு 2 வினாடியில் ஆடினால் 0.92 மீட்டர், 3 வினாடி என்றால் 0.41 தான். வினாடிக் கணக்கு, மீட்டரில் உள்ள அகலத்தைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டும். பழையதையும் புதியதையும் ஒரே ஆள் கணக்கோடு இப்படி ஆட்டிப் பார்த்தால் கேட்டலாக் தேவையில்லை.

கட்டுநர் தகட்டையும் ஒப்பிடுங்கள். ஐஎஸ்ஓ 12217 தரப்படி அளந்த படகென்றால் அதில் பிரிவு எழுத்தும் ஆள் எண்ணிக்கையும் இருக்கும். 'சி' என்றால் காற்று பியூஃபோர்ட் (காற்று வலிமை அளவுகோல்) 6, குறியீட்டு அலை உயரம் 2 மீட்டர் வரை. 'பி' என்றால் காற்று 8, அலை 4 மீட்டர் வரை. பழைய தகட்டில் இருந்த ஆள் எண்ணிக்கை புதியதில் குறைந்திருந்தால் கூரை உயர்ந்ததன் விலை அதுதான். கன்னியாகுமரிக் கடலுக்கு 'டி' பிரிவைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அது 0.3 மீட்டர் அலைக்கு, பேச்சிப்பாறை அணைக்கு.

செங்குத்து அணியத்தைப் பற்றி. மொத்த நீளம் மாறாமல் நீர்மட்ட நீளம் இரண்டடி கூடும். மெதுவாகப் போகும்போது வேக வரம்பு நீர்மட்ட நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது: 21.5 அடிக்கு 6.2 நாட் (மணிக்கு கடல் மைல்), 23.5 அடிக்கு 6.5 நாட். மணிக்கு அரை கிலோமீட்டர் லாபம். உள்ளே படுக்கை அகலமாகும், அதுதான் உண்மையான ஆதாயம். பதிலுக்கு, வெளிப்பக்கம் விரிந்த பழைய அணியம் ஒதுக்கித் தள்ளிய தண்ணீரைப் புதியது கண்ணாடி மேல் கொண்டுவந்து ஊற்றும். நங்கூரம் தூக்கும்போது நேராக அணியத்தில் இடிக்கும். நங்கூர உருளை குறைந்தது 30 செ.மீ. வெளியே நீண்டிருக்க வேண்டும், கீழே துருப்பிடிக்காத எஃகுத் தகடு பதித்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியம், பின்னாலிருந்து அலை தள்ளும்போது மெல்லிய அணியம் என்ன செய்யும் என்பது. தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் மேடு எழுவதும், அங்கே அலை உடைந்து வள்ளம் கவிழ்வதும் கரையில் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தில் அலை அமரத்தைத் தூக்கினால் கூரிய அணியம் தண்ணீருக்குள் இறங்கிச் சுக்கானைப் போல வேலை செய்ய ஆரம்பிக்கும். படகு குறுக்கே திரும்பும், அடுத்த அலை பக்கத்தில் அடிக்கும். பழைய மாடலில் நீளமான ஏரா (அடியில் துருத்தி ஓடும் கீல்) அமரத்தைப் பிடித்து வைத்தது. புதியதில் ஏரா இல்லை. ஆகவே உள்ளே வரும்போது டிரிம் டேப் (அமரத்தின் அடியில் ஏற்றி இறக்கும் தகடு) இரண்டும் முழுக்க மேலே, இன்ஜினைச் சற்று வெளியே தள்ளி அணியத்தைத் தூக்கி, முன்னால் போகும் அலையின் முதுகிலேயே அதன் வேகத்தில் வர வேண்டும். அணியத்தில் யாரும் உட்காரக் கூடாது. கள்ளக்கடல் (தூரத்துக் கடலிலிருந்து திடீரென வந்து எழும் பெரிய அலை) எச்சரிக்கையைக் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிட்ட நாளில் எந்த மாடலும் வேண்டாம்.

டிரிம் டேப் என்றதும் ஒன்று. பின்கனம் பிரச்சினையை மறைக்க இதை வைத்துச் சமாளிப்பார்கள். ஓட்டிப் பார்க்கும்போது டேப்பை முழுக்க மேலே ஏற்றிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். அணியம் தூக்கி முன்னால் கடலே தெரியாமல், டேப்பைப் பாதிக்கு மேல் இறக்கினால்தான் படகு தட்டையாகிறது என்றால் ஹல் இந்த இன்ஜினுக்காகச் செய்ததில்லை.

இனி அவுட்போர்டுக்குச் சாதகமானது. ஆழம் குறைந்த பொழிமுகத்தில் இன்ஜினை உயர்த்திக்கொண்டு வரலாம். ஷாஃப்ட்டும் சுக்கானும் மணலில் தட்டினால் அங்கேயே முடிந்தது. ஷாஃப்ட் ஹல்லைத் துளைத்து வெளியேறும் கிளாண்டில் ஒழுகல் இல்லை, இன்ஜினையும் ஷாஃப்ட்டையும் நேர்ப்படுத்தும் வேலை இல்லை. பழையதில் இந்த நேர்ப்படுத்தலைப் படகு தண்ணீரில் ஒரு நாளாவது கிடந்த பிறகுதான் பார்க்க வேண்டும்: இரண்டும் சேரும் நாலு அங்குல ஃபிளாஞ்சில் சுற்றிலும் இடைவெளி 0.1 மில்லிமீட்டருக்குள். கரையிலேயே முடுக்கிவிட்டால் தண்ணீரில் இறங்கியதும் ஹல் நெளிந்து அதிர ஆரம்பிக்கும். பிராக்கெட்டில் பின்தள்ளிய அவுட்போர்டை ஒவ்வோர் அடிக்கும் ஓர் அங்குலம் உயர்த்தி மாட்ட வேண்டும். பல இடங்களில் டிரான்சம் உயரத்திலேயே மாட்டிவிட்டு, பெட்ரோல் குடிக்கிறது என்று இன்ஜினைக் குறை சொல்வார்கள். நிறுத்திவைக்கும்போது இன்ஜினின் கால் முழுதும் தண்ணீருக்கு மேல் வருகிறதா என்று தூக்கிப் பாருங்கள். புரொப்பெல்லர் மட்டும் தெரிந்து கியர் உறை மூழ்கியிருந்தால் சிப்பி பிடிக்கும், அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் அனோடு கட்டி சீக்கிரம் கரையும்.

பெட்ரோல்தான் இதில் கசப்பான பகுதி. முழு வேகத்தில் 150 குதிரைசக்தி பெட்ரோல் இன்ஜின் மணிக்கு 55 லிட்டர் பக்கம் குடிக்கும். அதே சக்தி டீசல் 30 லிட்டர். 200 லிட்டரை 20 லிட்டர் கேனில் சுமந்தால் பத்து நடை. ஊற்றும்போது கேபின் கதவு மூடியிருக்க வேண்டும், ஆவி கீழே இறங்கித் தங்கும். அடுத்து எத்தனால். பங்கில் இப்போது பெரும்பாலும் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பெரும்பாலான அவுட்போர்டு கையேடுகள் 10 சதவீதம் வரைதான் ஒப்புக்கொள்கின்றன. எத்தனால் கடல்காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் படியும், இன்ஜினுக்குப் போகும் குழாய் முனை இருப்பதும் அடியில்தான். வாங்குமுன் 20 சதவீதத்துக்கு உத்தரவாதம் செல்லுமா என்று டீலரிடம் எழுத்தில் வாங்குங்கள். 10 மைக்ரான் நீர்பிரிப்பான் ஃபில்டர், அடியில் ஒளி ஊடுருவும் கிண்ணம் உள்ளதாகப் பார்த்துப் போடுங்கள். ஆனி, ஆடியில் படகு இரண்டு மாதம் சும்மா கிடக்கும் என்றால் அதற்கு முன் பெட்ரோலைத் தீர்த்துவிடுங்கள்.

மெக்கானிக்கைப் பற்றியும் யோசியுங்கள். வள்ளத்து 9.9 குதிரைசக்தி இன்ஜினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பவர்கள் குளச்சல் முதல் சின்னமுட்டம் வரை இருக்கிறார்கள். 150-ல் எல்லாம் சென்சார், லேப்டாப் மாட்டித்தான் பார்க்க வேண்டும். டீசலுக்கு அந்தக் கவலை இல்லை. விசைப்படகு இன்ஜின் பார்ப்பவர் யாரும் பார்ப்பார்.

மற்றவை சுருக்கமாக. கோர் (ஃபைபர் சுவருக்குள் இருக்கும் நடு அடுக்கு) பால்சா மரத்திலிருந்து ஃபோமுக்கு மாறியிருந்தால் நல்ல மாற்றம். பழையதில் சின்னச் சுத்தியலால் தட்டி, திருகு இறங்கிய இடமெல்லாம் சத்தம் மந்தமாகிறதா என்று கேளுங்கள். முன்கண்ணாடி முன்பக்கம் சாய்ந்திருந்தால் வெயில் குறைவாக இறங்கும். பின்சாய்ந்த பெரிய கண்ணாடி பங்குனியில் அடுப்பு. ஏசி வேண்டுமென்றால் 500 வாட் கணக்கு வையுங்கள்: 12 வோல்ட் 200 ஆம்பியர் லித்தியம் பேட்டரி ஐந்து மணி நேரம்கூடத் தாங்காது.

தேங்காப்பட்டணம் என்றால், மணல் மேட்டில் இன்ஜினை உயர்த்திக்கொள்ள முடியும் என்பதால், புதியதை எடுக்கலாம், ஹல் இன்ஜினுக்குக் கீழே நீண்டிருந்தால் மட்டும். பிராக்கெட் என்றால் விலை வித்தியாசத்தைத் தரத் தேவையில்லை. சின்னமுட்டம், ஆண்டு முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும், தூரம் போவீர்கள் என்றால், இன்ஜின் நல்ல நிலையில் இருக்கும் பழைய டீசலைத்தான் சொல்வேன். முப்பந்தல் காற்றாலைகள் வேகமாகச் சுற்றும் மாதங்களில், உயரமான கேபினும் ஏரா இல்லாத அடியும் உள்ள படகைத் துறைமுகத்துக்குள் மெதுவாகக் கொண்டுவந்து அணைப்பது பெரும்பாடு. எதுவானாலும் ஓட்டிப் பார்க்கும் நாளில் விற்பவரும் நீங்களும் மட்டும் போகாதீர்கள்: டேங்க் நிறைய, ஆறு பேர், 20 லிட்டர் தண்ணீர்க் கேன் எட்டு. காலையில் கடல் கண்ணாடி போல இருக்கும்போது அவர் கூப்பிடுவார்; கச்சான் (மேற்குக் காற்று) எழுந்த பிறகு மதியம் வருகிறோம் என்று சொல்லுங்கள்.