வலிப்புக் குளிசையால் ஈரல் பழுதாகுமா? குளிசையை நிறுத்திவிடலாமா?

நான்கு மாதமாகச் சோடியம் வல்ப்ரோயேட் என்ற வலிப்புக் குளிசையை எடுத்துவரும் உங்கள் 19 வயது மகனுக்கு, ஈரல் பாதிப்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனையான எஸ்.ஜி.பி.டி. 70 என்று வந்திருப்பதாகவும், உறவினர் சொற்கேட்டுக் குளிசையை நிறுத்த எண்ணுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். வேறொரு வலிப்புக் குளிசையால் ஈரல் பாதிக்கப்பட்ட தங்கைக்குத் துணையாகக் கொழும்பில் ஆஸ்பத்திரியில் இருந்தவன். நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் இடைவிடாத வலிப்பு வந்து, ஈரலைப் பற்றி யோசிக்கவே நேரமில்லாமற் போகலாம்.

தங்கைக்குக் கொடுத்தது கார்பமசெப்பீன். ஐந்தாவது வாரத்தில் காய்ச்சல் வந்தது. வெள்ளவத்தையில் மழைக்காலத்துக் காய்ச்சல் என்றால் எல்லோருக்கும் டெங்குதான் நினைவுக்கு வரும்; நாங்களும் நாள்தோறும் இரத்தம் கொடுத்துப் பிளேட்லெட் எண்ணிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எஸ்.ஜி.பி.டி. 400ஐத் தாண்டியபோதுகூட, டெங்கிலும் அது ஏறும் என்பதால் ஒருவரும் திடுக்கிடவில்லை. பிறகு முகம் வீங்கி, கழுத்தில் நெறி கட்டி, முதுகெங்கும் சிவந்த தடிப்பு பரவியது. வார்ட்டில் இருந்த இளம் டாக்டர் ரிப்போர்ட்டில், ஒவ்வாமையின்போது ஏறும் வெள்ளையணு வகையான இயோசினோபில் உயர்ந்திருப்பதைக் கண்டு, "அண்மையில் புதிதாக ஏதாவது குளிசை தொடங்கினீர்களா?" என்று கேட்டார். அதுவரை அம்மா, கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வருத்தம் எதுவும் இல்லையென்றே சொல்லிவந்திருந்தார். கல்யாணம் பேசும் வயதிலுள்ள பெண்ணுக்கு வலிப்பு என்று யார்தான் வாய்திறந்து சொல்வார்கள்? நானும் பக்கத்தில் நின்று பேசாமல் இருந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கார்பமசெப்பீன் ஒவ்வாமைதான் காரணம் என்று கண்டு, அந்தக் குளிசையை அன்றே நிறுத்தினார்கள். ஃபெனிடோயின், ஃபீனோபார்பிட்டால் என்ற வேறு வலிப்புக் குளிசைகளும் அதே வகையான ஒவ்வாமையைக் கொண்டுவரக்கூடும் என்பதால் அவற்றை விலக்கி, பெரும்பாலும் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும் லெவெடிரசிட்டத்தைத் தொடங்கினார்கள். ஈரல் பழைய நிலைக்குத் திரும்ப இரண்டு மாதமாயிற்று.

உங்கள் மகனின் கதை வேறு. வல்ப்ரோயேட் ஈரலைத் தாக்குவது பெரும்பாலும் ஒவ்வாமையால் அன்று. உயிரணுவுக்குச் சக்தி தரும் மைற்றோகொண்டிரியாவைக் குலைப்பதால். எஸ்.ஜி.பி.டி.யின் வழமையான மேல் எல்லை ஏறத்தாழ 40. 70 என்பது அதன் இரு மடங்கைக்கூட எட்டவில்லை. இந்த அளவு உயர்வு இக்குளிசை எடுப்போரிடம் அடிக்கடி காணப்படுவது. பலருக்கு அது தானாகவோ, டாக்டர் குளிசையின் அளவைக் குறைத்தவுடனோ இறங்கிவிடும். உயிராபத்தான பாதிப்பு அரிது. பல மருந்துகளை ஒருமித்து எடுக்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், மைற்றோகொண்டிரியாவில் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கும் அந்த ஆபத்து மிக அதிகம். அது பெரும்பாலும் முதல் 6 மாதத்துக்குள் வருவதால், உங்கள் மகன் இன்னும் கண்காணிக்கவேண்டிய காலத்திலேயே இருக்கிறார்.

இலக்கத்தைவிட ஆளைப் பாருங்கள். சாப்பாட்டில் வெறுப்பு, ஓயாத வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம், அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் வருதல், கண் மஞ்சளாதல், காரணமின்றித் தோல் கன்றிப்போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே கொண்டுபோங்கள். எஸ்.ஜி.பி.டி. சரியாக இருக்கும்போதே இரத்தத்தில் அமோனியா என்ற கழிவுப்பொருள் ஏறி மயக்க நிலை வரலாம். கண்ணை மஞ்சளாக்கும் பிலிருபினையும் இரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆரையும் பார்க்கவேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஈரல் தன் வேலையைச் செய்கிறதா என்பதை எஸ்.ஜி.பி.டி.யைவிட அவை நன்றாகக் காட்டும். பனடோல், கீழ்க்காய்நெல்லிச் சாறு, பாமசியில் கேட்டு வாங்கிய சத்துமாத்திரை எதுவானாலும் அவரிடம் மறைக்காதீர்கள்.

தங்கையின் கிளினிக் கொப்பியின் முன்னட்டையில் 'கார்பமசெப்பீன் கொடுக்கக்கூடாது' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. பல் பிடுங்கப் போனாலும் அம்மா முதலில் அந்தக் கொப்பியைத்தான் நீட்டுகிறார்.