ஓட்டோடு அவித்த முட்டையும் டோஸ்டும்: கவென்ட்ரி தம்பிக்குப் பதில்

தம்பி, இங்கிலாந்தின் கவென்ட்ரிக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். இங்கே காலையில் முட்டையை ஓட்டோடு எக் கப்பில் நிறுத்தி, டோஸ்டை மஞ்சள் கருவில் தோய்த்துச் சாப்பிடுகிறார்களே, அது உங்கள் வீட்டில் ஒரு நாள் கல்லாகவும் மறுநாள் வெள்ளைக்கருவே வேகாமலும் வருவது ஏன்? கர்ப்பமாக இருக்கும் உங்கள் மனைவி அதைச் சாப்பிடலாமா?

இரண்டாவதை முதலில் முடித்துவிடுவோம். முட்டை ஓட்டில் சிவப்பாகச் சிங்க முத்திரை இருந்தால் சாப்பிடலாம். 1988 டிசம்பரில் எட்வினா கரி என்ற சுகாதாரத் துறை துணை அமைச்சர், நாட்டின் முட்டை உற்பத்தியில் பெரும்பகுதி சால்மொனெல்லா என்ற, வயிற்றைக் கெடுக்கும் கிருமியால் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லப்போய், முட்டை விற்பனையும் படுத்தது, அவர் பதவியும் போனது. 1998இல் வந்த சிங்க முத்திரைத் திட்டத்தில் கோழிகளுக்கு சால்மொனெல்லா தடுப்பூசி கட்டாயம். அதை வைத்துத்தான் 2017 அக்டோபரில் அரசின் உணவுத் தர முகமை, இந்த முத்திரை உள்ள முட்டையைக் கரு ஓட ஓடக் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் சாப்பிடலாம் என்று அறிவுரையை மாற்றியது. நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்து மருத்துவக் கண்காணிப்பில் பத்தியம் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. வாத்து முட்டைக்கும் பொருந்தாது. நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 30 முட்டைத் தட்டை வாங்கினால் முத்திரையைத் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் அது குழம்புக்கு, நன்றாக வேகட்டும்.

இனி வேகவைப்பது. வெள்ளைக்கரு ஏறக்குறைய 62 டிகிரியில் இறுகத் தொடங்கும். மஞ்சள் கரு 65இல் கெட்டியாக ஆரம்பித்து 70இல் ஓடுவதை நிறுத்திவிடும். இடைவெளி அவ்வளவுதான். ஆகவே கண்ணளவு, கையளவு இதில் செல்லாது, கடிகாரம் வேண்டும். பச்சைத் தண்ணீரில் முட்டையைப் போட்டு அடுப்பை ஏற்றினால் எந்த நிமிடத்திலிருந்து எண்ணுவது? மின்சார அடுப்பு மெதுவாகச் சூடேறும், கேஸ் சட்டென்று ஏறும். அதனால்தான் ஒரு நாளைப் போல மறுநாள் வருவதில்லை.

கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துச் சின்னப் பாத்திரத்தில் ஊற்றுங்கள், முட்டைக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் நிற்கும்படி. அடுப்பில் மறுபடி கொதி வந்ததும் முட்டையைக் கரண்டியில் வைத்து மெதுவாக இறக்கி, அந்த நொடியிலிருந்து எண்ணுங்கள். தளதளவென்று கொதித்தால் முட்டைகள் மோதி விரிசல் விடும். லேசாகக் குமிழி வரும் அளவுக்குத் தீயைக் குறையுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த லார்ஜ் (63 முதல் 73 கிராம்) முட்டைக்கு 6 நிமிடம், மீடியம் (53 முதல் 63) என்றால் ஐந்தரை. வெளியே வைத்திருந்த முட்டைக்கு அரை நிமிடம் குறையுங்கள். 4 நிமிடத்தில் எடுத்தால் வெள்ளை கொழகொழவென்று இருக்கும், 8 ஆனால் தோய்க்க ஒன்றும் மிஞ்சாது. நான்கு முட்டையைச் சேர்த்துப் போட்டால் தண்ணீர் ஆறிவிடும். பெரிய பாத்திரம், நிறையத் தண்ணீர்.

எடுத்த பிறகும் ஓட்டுக்குள் வேகுவது நிற்காது. பலரும் கோட்டை விடும் இடம் இதுதான்: முட்டையை எடுத்து வைத்துவிட்டு ரொட்டியைத் தேடுவார்கள். எடுத்ததும் எக் கப்பில் நிறுத்தி, கரண்டி முதுகால் உச்சியைச் சுற்றித் தட்டி, மேல் பகுதியைக் கத்தியால் சீவிவிடுங்கள். ஆவி வெளியேறினால் கரு அப்படியே நிற்கும். எக் கப் இல்லையென்றால் காசு கொடுத்துப் புதிது வாங்காதீர்கள். பழைய பொருள் விற்கும் சாரிட்டி கடைகளில் சில்லறைக்குக் கிடைக்கும்.

ரொட்டி, முட்டை முடிய இரண்டரை நிமிடம் இருக்கும்போது டோஸ்டருக்குள் போக வேண்டும். மீடியம் ஸ்லைஸ் சரியான தடிமன். திக் ஸ்லைஸை வெட்டினால் முட்டை வாய்க்குள் நுழையாது, மெலிதான ரொட்டி தோய்த்ததும் மடங்கி விழும். பொன்னிறம் தாண்டினால் உடையும். சூடு இருக்கும்போதே ஓரம் வரை உப்பு வெண்ணெய் தடவி, ஒரு ஸ்லைஸை நான்கு பட்டையாக வெட்டுங்கள். இவற்றுக்குத்தான் இங்கே சோல்ஜர்ஸ் என்று பெயர். ஒன்றின் மேல் ஒன்று அடுக்காதீர்கள், ஆவியில் நமுத்துப் போகும். டோஸ்டரின் துகள் தட்டை வாரம் ஒருமுறை கொட்டுங்கள். கருகிய துகளின் புகை போதும், வாடகை வீட்டில் அலாரம் தெருவையே எழுப்பிவிடும்.

உப்பு, மிளகுத்தூள் தூவி, முதல் பட்டையை நுனி மட்டும் இறக்குங்கள். ஒரேயடியாக அழுத்தினால் கரு வழிந்து ஓடும். கரு பாதி குறைந்த பிறகு ஆழமாக விடலாம். ஓட்டோரத்தில் ஒட்டிய வெள்ளையைக் கரண்டியால் வழித்துச் சாப்பிடுங்கள்.

சீவிப் பார்த்தால் வேகவில்லையா? ஓட்டோடு மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், வெடிக்கும். வாணலியில் கவிழ்த்துப் பொடிமாஸ் ஆக்கி அதே டோஸ்டின் மேல் கொட்டிவிடுங்கள்.