அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்தியை முன்கூட்டியே தடுக்க முடியுமா?

அம்மாவுக்கு அடுத்த வாரம் பித்தப்பை அறுவை சிகிச்சை, முழு மயக்கம் கொடுப்பார்கள், பிறகு வாந்தி வந்து அவதிப்படுவாரோ என்று கேட்டிருக்கிறீர்கள். அம்மாவுக்குப் பஸ் பயணத்தில் வாந்தி வருமா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

எனக்கு வரும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பத்தைத் தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழம் மூக்கருகே வந்துவிடும். ஆனால் முதல் அறுவை சிகிச்சையின்போது இதை மயக்க மருத்துவரிடம் சொல்லத் தோன்றவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்றிரவு ஒவ்வொரு முறை குமட்டும்போதும் தையல் பிரிந்துவிடுமோ என்று தலையணையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு தட்டின் மேல் குனிந்தேன். காயத்தின் வலியைக்கூட மறந்துவிட்டேன், அதை மறக்கவில்லை.

மருத்துவர்கள் நான்கு விஷயங்களைப் பார்க்கிறார்கள்: பெண்ணா, புகைபிடிக்காதவரா, பயணத்திலோ முந்தைய அறுவை சிகிச்சையிலோ வாந்தி வந்ததுண்டா, பிறகு வலிக்கு மார்ஃபின் வகை மருந்து தேவைப்படுமா. நான்கும் சேர்ந்தால் 100 பேரில் ஏறக்குறைய 80 பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வரும். ஒன்றுகூட இல்லையென்றால் 10 பேருக்குத்தான். நம் வீட்டு அம்மாக்களுக்கு முதல் இரண்டும் எப்படியும் இருக்கும்.

இரண்டாம் அறுவை சிகிச்சையின்போது பயண வாந்தியைப் பற்றி நானாகவே சொன்னேன். மயக்கம் கொடுத்தவுடன் டெக்சாமெத்தசோன், முடியும் தறுவாயில் ஒண்டான்செட்ரான் என வாந்தியைத் தடுக்கும் இரண்டு ஊசி போட்டார்கள். வாயுவை முகரவைக்காமல் நரம்பு வழியாகவே புரோபோஃபால் என்ற மயக்க மருந்தைச் செலுத்தினார்கள். கண் விழித்ததும் நான் கேட்டது தண்ணீர்! அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். டெக்சாமெத்தசோன் சர்க்கரையை ஏற்றும்.

வார்டுக்கு வந்தபின் சட்டென்று எழுப்பி உட்காரவைக்காதீர்கள். அனுமதித்த பிறகு தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். அரை மயக்கத்தில் குமட்டினால் தலையை ஒருபக்கமாகத் திருப்பிப் பிடித்து உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டும் நிற்காவிட்டால், வேறு வகை மருந்து தரலாமா என்று தயங்காமல் கேளுங்கள். அதே மருந்தை ஆறு மணி நேரத்துக்குள் திரும்பப் போடுவதில் பலன் குறைவு. உள்மணிக்கட்டுக் கோட்டிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரற்கடை தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்திவிடுங்கள். பலருக்கு இதம் தருகிறது.

வீட்டுக்கு வந்த பிறகும் வாந்தி நிற்கவில்லை, வயிறு உப்புகிறது, காற்றுப் பிரியவில்லை என்றால் கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.