செங்கல்லை நனைக்காமல் கட்டலாமா?

கேள்வி: வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கொத்தனார் செங்கல்லை நனைக்காமலே கட்டுகிறார். கேட்டால், "அப்புறம் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும்" என்கிறார். சரியா?

பதில்: சரியில்லை அம்மா. இன்றைக்கே வேலையை நிறுத்திப் பேசுங்கள். காய்ந்த செங்கல், கலவையில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். சிமெண்ட் இறுகவே தண்ணீர் வேண்டும். அது போய்விட்டால் கலவை மணலாக உதிரும். நான் மேற்பார்வையாளராகச் சேர்ந்த புதிதில், இப்படிக் கட்டிய சுவரிலிருந்து ஒரு கல்லைக் கையாலேயே உருவி எடுத்தேன். அடியில் கலவை ஒட்டவே இல்லை. மொத்தச் சுவரையும் பிரித்துத்தான் கட்டினோம்.

செங்கல்லைத் தொட்டியில் மூழ்க வையுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, மேல் ஈரம் வடிந்த பிறகு கட்டச் சொல்லுங்கள். சொட்டச் சொட்ட வைத்தால் கல் வழுக்கும். (ஏஏசி பிளாக் எனப்படும், உள்ளே காற்றுத் துளைகள் கொண்ட லேசான சிமெண்ட் கல் என்றால் ஊறவைக்க வேண்டாம், லேசாக நனைத்தால் போதும்.) கலவை 1:6, அதாவது ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல்; கற்களுக்கு இடையே கலவையின் தடிமன் 10 மி.மீ. கட்டிய சுவருக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் காட்டுங்கள்.

ஏற்கெனவே கட்டிய வரிசைகளில் கற்களுக்கு இடையே உள்ள கலவையைச் சில நாள் கழித்து ஆணியால் கீறிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால், தயங்காமல் அந்தப் பகுதியைப் பிரித்துக் கட்டச் சொல்லுங்கள்.