கிரீமை விட டேப்பு முக்கியம், தம்பி

கேள்வி: எனக்கு 26 வயசு, திருநம்பி. டாப் சர்ஜரி, அதாவது மார்பை எடுத்துட்டு நெஞ்சைத் தட்டையாக்குற ஆபரேஷன், முடிஞ்சு ரெண்டரை மாசம் ஆகுது, டபுள் இன்சிஷன், ரெண்டு பக்கமும் நெஞ்சுக்குக் குறுக்க ஒரு நீள வெட்டு. முதல் மாசம் தழும்பு மெல்லிசா கோடு போட்ட மாதிரி அழகா இருந்துச்சு, இப்போ என்னடான்னா சிவந்து தடிச்சுப் போச்சு, அக்குள் பக்கம் ரொம்ப மோசம், ராத்திரி அரிப்பு வேற. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா? விட்டமின் ஈ எண்ணெய் தடவுன்னு ஒருத்தர், வெங்காய கிரீம் வாங்குன்னு இன்னொருத்தர். ஜிம்முக்கு எப்போ போகலாம்? பேசாம டாட்டூ போட்டு மறைச்சுடலாமான்னும் தோணுது. சின்ன வயசுல காது குத்துன இடத்துல ஒரு உருண்டை வந்து அப்படியே நின்னுடுச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

பதில்: தம்பி, உங்க லெட்டர்லயே முக்கியமான விஷயம் அந்தக் கடைசி வரி தான், அதப் போய் போற போக்குல எழுதியிருக்கீங்க. காதுல வந்தது கீலாய்டா, அதாவது காயத்தோட எல்லையைத் தாண்டி வளர்ற தழும்பா, இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. ஒரு இடத்துல கீலாய்டு வந்த உடம்புக்கு இன்னொரு இடத்துலயும் வர்றதுக்கு மத்தவங்கள விட சான்ஸ் ஜாஸ்தி, அதுலயும் காதுமடல், நெஞ்சு, தோள்பட்டை இந்த மூணும் தான் அது அதிகமா வர்ற இடம், தோல் நிறம் கருப்பா இருக்கறவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. ஆபரேஷனுக்கு முன்னாடி சர்ஜன்கிட்ட இத சொன்னீங்களா இல்லையான்னு நீங்க எழுதல. சொல்லலன்னா அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்க வேணாம், இந்த வாரமே போன் பண்ணி சொல்லிடுங்க.

அதுக்காக இப்போ இருக்கறது கீலாய்டு தான்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. ரெண்டு மூணு மாசத்துல தழும்பு இப்படித் தான் இருக்கும், சொல்லப்போனா அது பார்க்க ரொம்ப மோசமா இருக்கற நேரமே இது தான். முதல் மாசம் மெல்லிசா தெரிஞ்சது உள்ள வேலை இன்னும் சூடு பிடிக்காததால, அதுக்கப்புறம் உடம்பு காயத்தை மூடுற நார்ப்புரதமான கொலாஜனை அள்ளி அள்ளி போடுது, தழும்பு சிவந்து மேல எழும்புது, அரிக்குது, அப்புறம் மெதுவா தான் அத சரி பண்ணி தட்டையாக்கும், அதுக்கு ஒரு வருஷம், சிலருக்கு ஒன்றரை வருஷம் கூட ஆகும். தப்பு எதுவும் நீங்க பண்ணல.

வித்தியாசம் எப்படி கண்டுபிடிக்கறதுன்னா, தடிப்பு வெட்டுன கோட்டுக்குள்ளயே இருந்தா அது ஹைப்பர்டிராபிக்னு சொல்ற தடிச்ச தழும்பு, பெரும்பாலும் தானா அடங்கும். கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள்ள போய் வளர்ந்துக்கிட்டே இருந்தா தான் கீலாய்டு. மாசம் ஒரு தடவை அதே வெளிச்சத்துல, அதே இடத்துல நின்னு, பக்கத்துல ஒரு ஸ்கேலை வெச்சு போட்டோ எடுங்க, தினமும் கண்ணாடில பார்த்தா பயம் தான் வரும், ஒண்ணும் புரியாது. ஓரம் தாண்டுதுன்னு தெரிஞ்சா ட்ரையாம்சினோலோன்னு ஒரு ஸ்டீராய்டு ஊசி, அத தழும்புக்குள்ளயே போடுவாங்க, நாலு வாரத்துலேர்ந்து ஆறு வாரத்துக்கு ஒரு தடவைன்னு பல சிட்டிங், வலிக்கும், அந்த இடம் கொஞ்சம் வெளுக்கவும் செய்யலாம், ஆனா சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா கேக்கும். வெறுமனே வெட்டி எடுத்துடலாம்னு யாராவது சொன்னா சரின்னு சொல்லிடாதீங்க, வெட்டுறதோட மட்டும் விட்டா கீலாய்டு பெரும்பாலும் திரும்ப வந்துடும்.

இப்போ அக்குள் பக்கம் மட்டும் ஏன் மோசம்? இழுவை தான் காரணம். கையத் தூக்கும்போதெல்லாம் அந்த முனை தான் முதல்ல இழுபடுது. மூணு வாரத்துல காயத்துக்கு பழைய தோலோட பலத்துல கால்வாசி தான் வந்திருக்கும், மூணு மாசத்துல ஏறக்குறைய 80 சதவீதம், அதுக்கு மேல பெருசா ஏறாது. அதனால தான் ஆரம்பத்துல மேல் ஷெல்ஃப்ல இருந்து எதையும் எடுக்காதேன்னு டாக்டருங்க அந்த திட்டு திட்டுறாங்க. தோலை ரெண்டு பக்கமும் லேசா சேர்த்துப் புடிச்சு தழும்பு மேல சாதா பேப்பர் டேப் ஒட்டுறது இந்த இழுவையைக் குறைக்கத் தான், சிசேரியன் தழும்புல 12 வாரம் இப்படி ஒட்டிப் பார்த்த ஆய்வுல தடிப்பு நல்லாவே குறைஞ்சுது. டேப்பைப் பிச்சு எடுக்காதீங்க, குளிக்கும்போது நனைச்சு, தழும்போட நீளவாக்குல மெதுவா உரிங்க.

தடவுறதா ஒட்டுறதான்னு கேட்டா, உங்க நிலைமைல நான் தழும்பு மேல ஒட்டுற மெல்லிசான சிலிகான் ஷீட்டுக்குத் தான் ஓட்டு போடுவேன். பொருக்கு, ஈரம் எதுவும் இல்லாம முழுசா மூடின தழும்பா இருக்கணும், நாளைக்கு 12 மணி நேரமாவது ஒட்டியிருக்கணும், ரெண்டு மூணு மாசமாவது விடாம, முடிஞ்சா இன்னும் கூட. தினமும் ஷீட்டையும் தோலையும் கழுவிக் காய வெச்சுட்டு ஒட்டுங்க, இல்லன்னா வேர்வைல பொரிப்பொரியா வந்துடும், அப்படி வந்தா ரெண்டு நாள் விட்டுட்டு சிலிகான் ஜெல்லுக்கு மாறுங்க. ஜெல்லை கனமா அப்பிடக் கூடாது, மெல்லிசா ஒரு பூச்சு, காய்ஞ்சப்புறம் தான் சட்டை.

விட்டமின் ஈ எண்ணெய்ல தழும்பு மறைஞ்சதுக்கு ஆதாரம் இல்ல, சிலருக்கு அலர்ஜியா தடிச்சுப் போனது தான் மிச்சம். வெங்காய கிரீமும் பெட்ரோலியம் ஜெல்லியை விட பெருசா எதுவும் சாதிக்கல, காச வேஸ்ட் பண்ணாதீங்க. அரிப்புக்கு வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போதும். மசாஜ் சர்ஜன் ஓகே சொன்னா பண்ணலாம், விரல் நுனியை வெச்சு தழும்பு வெளுக்கற அளவுக்கு அழுத்தி சின்ன சின்ன வட்டமா, அஞ்சு பத்து நிமிஷம், ரெண்டு வேளை, தேய்ச்சுத் தேய்ச்சு சூடு பறக்க வைக்கக் கூடாது. சிகரெட் பழக்கம் இருந்தா விட்டுடுங்க, நிகோடின் ரத்த ஓட்டத்தைக் குறைக்கும்.

வெயில் விஷயம் கொஞ்சம் கஷ்டமா தான் இருக்கும், ஏன்னா வாழ்க்கைல முதல் தடவையா சட்டையக் கழட்டிட்டு நிக்கணும்னு ஆசை வர்ற நேரம் இது. நில்லுங்க, யார் வேணாம்னா, எஸ்பிஎஃப் 30க்கு மேல ஒரு சன்ஸ்கிரீன் போட்டுட்டு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப போட்டுட்டு நில்லுங்க. புதுத் தழும்புல வெயில் பட்டா கருத்துடும், அது போக மாசக்கணக்காகும்.

ஜிம்ல காலுக்கு இப்பவே பண்ணலாம். செஸ்ட் பிரஸ், புல் அப் எல்லாம் மூணு மாசம் தாண்டட்டும், டாக்டர் பார்த்து சொல்லட்டும், ரொம்ப லைட்டா ஆரம்பிங்க. அப்புறம் நெஞ்சு தசை ஏறிச்சுன்னா நிறைய பேருக்கு தழும்பு அந்த மடிப்போட நிழல்ல போய் ஒளிஞ்சுக்கும். அக்குள் முனைல இருக்கறது அழுத்துனா மெத்துனு இருந்துச்சுன்னா அது தழும்பே இல்ல, மிஞ்சுன தோல், டாக் இயர்னு சொல்வாங்க, ஆறு மாசம் ஒரு வருஷம் பார்த்துட்டு அப்படியே நின்னா சின்ன ஆபரேஷன்ல சரி பண்ணிடலாம். சீழ், காய்ச்சல், பரவுற சிவப்பு இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஓடுங்க.

டாட்டூ ஒரு வருஷத்துக்கு முன்னாடி பேச்சே எடுக்காதீங்க. கீலாய்டு உடம்புன்னு டாக்டர் உறுதியா சொல்லிட்டார்னா அப்பவும் வேணாம், டாட்டூ ஊசி குத்துறதும் ஒரு காயம் தானே.